தோல் காலையில், புண்ணாக்கு மாலையில்

இந்த ஜில்லாவில் பாதிப் பேருக்கு நான் 'அனுமானம் மேடம்'. தெலுங்கில் அனுமானம் என்றால் சந்தேகம். முகத்துக்கு முன்னால் டாக்டரம்மா, முதுகுக்குப் பின்னால் அனுமானம். எனக்கு இதில் கோபமே கிடையாது. மாட்டு டாக்டருக்கு இதைவிட நல்ல பட்டம் யார் கொடுப்பார்கள்? மாடு வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாது, சொல்வதெல்லாம் மாட்டுக்காரர்தான். அவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு ஒரு ஊசியைப் போட்டுவிட்டு வருவதற்குக் காலேஜில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

போன வாரம் திருப்பதியில் கால்நடை உதவியாளர்களான உங்கள் பயிற்சிக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கிராமச் சச்சிவாலயத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று எழுந்து போனை நீட்டி, தீவனக் கணக்கையெல்லாம் ஆப்பே போட்டுவிடுகிறது, பச்சை வந்தால் சரி, சிவப்பு வந்தால் தப்பு, பிறகு நாம் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டது. எல்லாரும் கை தட்டினீர்கள். நான் பதில் சொல்வதற்குள் சாப்பாட்டு நேரம் என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அந்த மைக் என் கையில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது எழுதுகிறேன், சாப்பிட்டுவிட்டே படியுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாங்காய் சீசன். கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் வருகிற ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கே தேவராஜ், லோகநாதன் என்று அண்ணன் தம்பி. பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடியானவர்கள், வீட்டில் தமிழும் மண்டியில் தெலுங்கும் பேசுகிறவர்கள். அண்ணன் மனைவி சுகுணா. தம்பி மனைவி ரேணுகா, நாகலாபுரத்துப் பெண். கிடேரிக் கன்றுகளை வாங்கி, வளர்த்து, சினையாக்கி விற்பதுதான் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய வருமானம்.

சீசனில் நம் பக்கத்து ஜூஸ் ஃபேக்டரிகளில் மாங்காய்த் தோல் எப்படிக் குவியும் என்று உங்களுக்குத் தெரியும். ஈ மொய்க்கும், ரோடெல்லாம் நாறும், ஆனால் அதில் சர்க்கரை இருக்கிறது. மாட்டின் பெருவயிற்றில் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடிக் கிருமிகள் வாழ்கின்றன. அவைதான் நாம் போடுவதை முதலில் சாப்பிடுகின்றன. அவற்றைத்தான் மாடு சாப்பிடுகிறது. சர்க்கரையோடு கொஞ்சம் நைட்ரஜனும் கிடைத்தால் அவை பெருகும், கன்று மளமளவென்று வளரும். அந்த நைட்ரஜனுக்காகப் புண்ணாக்கும் தவிடும் கலந்து, அதில் சிட்டிகைக் கணக்கில் யூரியா சேர்த்து, காலையில் பாதி, மாலையில் பாதி, தோலோடு சேர்த்தே போட வேண்டும் என்று அந்த வீட்டுக்கு எங்கள் ஆபீஸில் திட்டம் போட்டுக் கொடுத்திருந்தோம். முதல் சீசனில் கிடேரிகள் பளபளவென்று நின்றன. ஊரில் கண் பட்டுவிடும் என்று கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தார்கள்.

நான் சொல்ல வந்த அடுத்த சீசனில் தேவராஜ் போன் செய்தார். ஒரு கிடேரி செத்துவிட்டது, இன்னும் இரண்டு விழுந்து எழுந்திருக்கின்றன, வந்து பார்க்க வேண்டும் என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "வரும்போது விஷம்னு ஒரு காயிதம் எழுதிக் குடுத்துடுங்க டாக்டரம்மா" என்றார். மாட்டை நான் பார்க்கவேயில்லை, அதற்குள் காயிதம்! எனக்கு அங்கேயே மூக்கில் வியர்த்துவிட்டது. இன்சூரன்ஸ் ஆசையா, பக்கத்துக் கொல்லைக்காரனோடு வரப்புச் சண்டையா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். கொட்டகையில் கிடேரிகளைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. வயிறு மட்டும் பானை மாதிரி, விலா எலும்பு எண்ணலாம், சாணி தண்ணீராகப் போயிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று வாயில் நுரை தள்ளி, காது துடித்து, நடுங்கிக்கொண்டு முட்டி மடங்கியது. மாந்தோப்பு இருக்கிற வீட்டில் இப்படிப் பார்த்தால் நீங்கள் எல்லாரும் முதலில் பூச்சி மருந்தைத்தான் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் பூச்சி மருந்தென்றால் கண் பாப்பா சுருங்கியிருக்கும், இங்கே சுருங்கவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் முகத்தை வைத்தால் பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்து நாற்றம். பெருவயிற்றிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்துச் சோதனைக் காகிதத்தில் விட்டேன், கருநீலமாகப் போனது. அம்மோனியா. வண்டியில் இருந்த வினிகரைப் பச்சைத் தண்ணீரில் கலந்து வாய் வழியாக ஊற்றினோம். ரொம்ப நேரம் கழித்து அது எழுந்து நின்றது.

என்ன ஆச்சு என்று கேட்டார்கள். யூரியா என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன மாத்திரத்தில் அத்தனை முகமும் ரேணுகா பக்கம் திரும்பியது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்த வீட்டில் அந்த வருஷம் சாமான் செட்டு பிரித்து அடுப்பும் தனியாகிவிட்டது. கொட்டகையை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதனால் காலை வேளை அண்ணன் வீட்டுப் பொறுப்பு, மாலை வேளை தம்பி வீட்டுப் பொறுப்பு. விழுந்த கிடேரிகள் எல்லாம் மாலைத் தீவனத்துக்குப் பிறகுதான் விழுந்திருந்தன. போடுவது ரேணுகா.

சுகுணா சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் சொன்னப்ப யாரும் கேக்கலியே என்று தன் புருஷனிடம் மட்டும் சொன்னாள். தேவராஜ் ஊர்ப் பெரியவர்களிடம் ஏற்கெனவே பேசிவைத்திருந்தார். வெள்ளிக்கிழமை கங்கம்மா கோயிலில் ரேணுகா கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்து, தான் எதுவும் செய்யவில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும். அந்தப் பக்கத்தில் அது விளையாட்டுக் காரியம் இல்லை. சத்தியம் பண்ண மறுத்தால் அவள்தான் செய்தாள். பண்ணிய பிறகு இன்னொரு கிடேரி விழுந்தால் பொய்ச் சத்தியம் பண்ணியவள். இரண்டில் எது நடந்தாலும் நாகலாபுரத்துக்கு மூட்டை கட்டு என்று லோகநாதன் சொல்லிவிட்டான். கட்டின புருஷன்! அவன் அதைச் சொன்னபோது அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை.

எனக்கு அந்தப் பெண் மேல் இரக்கம் வந்தது. ஆனால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், சந்தேகமும் வந்தது. அம்மோனியா என்பது என் கண்ணால் பார்த்தது. யூரியா டப்பா அவள் வீட்டில். கோபத்தில் ஒரு கை கூடப் போட்டிருந்தால்? அதனால் என் கண் முன்னால் கலந்து காட்டச் சொன்னேன். அவள் தராசை எடுத்துவந்தாள். புண்ணாக்கு, தவிடு, யூரியா, ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தாள். நான் என் தராசிலும் போட்டுப் பார்த்தேன். நாங்கள் ஒரு நாளைக்குச் சொன்ன அளவு எதுவோ அதுதான், ஒரு குன்றிமணி அளவுகூட அதிகமில்லை. தோல் எவ்வளவு வருகிறது என்று தேவராஜிடம் கேட்டு, அதையும் சேர்த்து ஆப்பில் போட்டேன். பச்சை. எல்லாமே பச்சை. சக்தி சரி, புரதம் சரி, யூரியா பத்திரமான அளவு.

நீங்களாக இருந்தால் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு என்ன செய்திருப்பீர்கள்? தீவனத்தில் குற்றமில்லை, வேறு யாரோ என்னவோ போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருப்பீர்கள். அந்தக் காயிதத்தோடு அவள் வாழ்க்கை முடிந்திருக்கும். என் குணம் அப்படி விடாது. மாடு பொய் சொல்லாது, தராசு பொய் சொல்லவில்லை, பிறகு எங்கேயோ நான் பார்க்காத ஒன்று இருக்கிறது. காதால் கேட்ட வரைக்கும் போதும் என்று மறுநாள் வியாழக்கிழமை விடிந்ததும் போய்க் கொட்டகையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்னதும் தேவராஜுக்கு முகம் சுருங்கியது. காபி வந்தது, உபசாரம் வந்தது, வேறு எங்கேயாவது அர்ஜென்ட் கேஸ் இல்லையா என்ற விசாரிப்பும் வந்தது. நான் அசையவில்லை.

சுகுணா தோல் கொண்டுவந்து கொட்டினாள். தாராளமாகத்தான் கொட்டினாள், அவள் கையில் கஞ்சத்தனம் இல்லை. கிடேரிகள் முண்டியடித்துக்கொண்டு தின்றன. நான் காத்திருந்தேன். வேறு எதுவும் வரவில்லை. புண்ணாக்குக் கலவை எங்கே என்று கேட்டேன். அது அவங்க பாகம் மேடம் என்றாள், ஏதோ நான் அடுத்த வீட்டு வெல்லத்தைக் கேட்டது மாதிரி.

எனக்குச் சுரீரென்றது. பாகம் பிரித்தபோது ஃபேக்டரிக்கு டிராக்டர் போகிற அண்ணனுக்குத் தோல், புத்தூரில் மூட்டை வாங்குகிற தம்பிக்குப் புண்ணாக்கும் யூரியாவும் என்று பிரித்திருக்கிறார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. காலையில் ஒரு நாளைத் தோல் மொத்தமும், மாலையில் ஒரு நாளைக் கலவை மொத்தமும். கணக்குப் போட்டால் கிராம் தப்பாது. எல்லாம் சொன்னபடி போடறோம் என்று அவர்கள் சொன்னதும் பொய்யில்லை.

ஆனால் பெருவயிற்றுக்குள் என்ன நடக்கும்? காலையில் வந்த சர்க்கரை மத்தியானத்துக்குள் கரைந்துபோகும். கூட நைட்ரஜன் இல்லாமல் கிருமிகள் அதை வைத்துக்கொண்டு உடம்பு கட்ட முடியாது. மாலையில் இரண்டு வேளை யூரியா ஒரே வேளையாக வந்து இறங்கும். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அம்மோனியாவாகிவிடும். பிடித்துக்கொள்ளச் சர்க்கரை இல்லை என்றால் அது நேராக ரத்தத்துக்குப் போகும். அதனால்தான் தீனி அத்தனையும் தின்றும் கன்றுகள் எலும்பாக நின்றன.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. பாகம் பிரித்துக் கொஞ்ச காலம் ஆகிவிட்டது, அப்போது இளைத்ததே தவிர எதுவும் விழவில்லையே, இப்போது மட்டும் ஏன்? அதற்கு விடை மத்தியானம் வந்தது. சுகுணா துடைப்பமும் கூடையுமாக வந்து தொட்டியில் மீந்திருந்த தோலை வழித்து அள்ளி எருக்குழியில் கொட்டினாள். நல்ல தோல், சாயங்காலம் வரை கிடேரிகள் கொறித்துக்கொண்டிருக்கும். ஏம்மா அதை அள்ளுகிறாய் என்று கேட்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள்.

"கன்னுங்கோ இளைச்சிக்கினே போச்சி மேடம். அவ எதுனா கலந்து வெச்சிட்டு, சுகுணா போட்ட தோலுதான்னு எம்மேல சொல்லுவா. அதான் ஒண்ணு வுடாம வாரிடறேன்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவள் சொன்ன சமயத்துக்கு அப்புறம்தான் முதல் கிடேரி விழுந்திருந்தது. அதுவரைக்கும் அந்த மீந்த தோல்தான் மாலை யூரியாவுக்குக் கொஞ்சமாவது துணை நின்றிருக்கிறது. சந்தேகப்பட்டுத் துடைப்பத்தை எடுத்தவள் தெரியாமல் அதையும் பெருக்கித் தள்ளிவிட்டாள்.

இங்கேதான் கேட்டுக்கொள்ளுங்கள். காரணம் தெரிந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் போடுங்கள், சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வரலாம். கிடேரிகள் பிழைக்கும். ரேணுகா பிழைப்பாளா? டாக்டரம்மா வந்து உட்கார்ந்ததும் பயந்துகொண்டு நிறுத்திவிட்டாள் என்பார்கள். அவர்களிடம் கிருமி, சர்க்கரை, அம்மோனியா என்று நான் பாடம் எடுத்தால், மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வெள்ளிக்கிழமை அவளைக் கோயிலுக்கு இட்டுக்கொண்டு போவார்கள். சந்தேகப்படுகிறவர் மனசு எனக்கு நன்றாகவே தெரியும், நானும் அந்த ஜாதிதானே. கண்ணால் பார்க்காமல் நம்பாது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். இன்று மாலை கலவையை சுகுணாதான் கலக்க வேண்டும், சுகுணாதான் போட வேண்டும் என்றேன். புண்ணாக்கும் தவிடும் தேவராஜே போய்ப் புது மூட்டை வாங்கி வரட்டும். யூரியா, பயிருக்கென்று அவர் வீட்டில் பூட்டிவைத்திருக்கும் உர மூட்டையிலிருந்து வரட்டும். ரேணுகா காலையிலிருந்து கொட்டகைப் பக்கமே வரவில்லை. இப்போதும் எல்லாரும் பார்க்கிற மாதிரி பம்பு செட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கட்டும். நல்ல திடமான ஒரே ஒரு கிடேரிக்கு மட்டும், அதுவும் முழுசாக இல்லாமல் முக்கால் பங்கு போடுவோம் என்றேன். தேவராஜ் உடனே சரி என்றார். தன் பெண்டாட்டி கையால் எதுவும் ஆகாது என்பதில் அவருக்கு அத்தனை உறுதி. சுகுணாதான் பின்வாங்கினாள். தான் எதற்குப் போட வேண்டும், ஏதாவது ஆனால் தன் தலையில் அல்லவா விடியும் என்றாள். இத்தனை நாளாக அது யார் தலையில் விடிந்தது என்று கேட்டேன். முறத்தை எடுத்தாள்.

ஒரு டாக்டர் தெரிந்தே ஒரு மாட்டை ஆபத்தில் நிறுத்தலாமா என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள். வினிகரும் தண்ணீரும் பக்கெட்டில் கலந்து, குழாயைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றேன். அந்தக் கிடேரி செத்திருந்தால் இன்றைக்கு இதை எழுதவே மாட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

கிடேரி கலவையை நக்கித் தின்றது. எல்லாரும் நின்று பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. தேவராஜ் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். லோகநாதன் பம்பு செட்டுப் பக்கம் திரும்பி ரேணுகாவை முறைத்தான். நான் கிடேரியின் காதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் காது துடித்தது. பிறகு தோள் தோல் நடுங்கியது. வாயில் நுரை கட்டி, பின்னங்கால் பின்னிக்கொண்டது. சுகுணா காலி முறத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். சுற்றி நின்ற அத்தனை பேரும், அவள் புருஷன் உட்பட, அவளைப் பார்த்தார்கள். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவர்கள் கண்ணில் அவள்தான் விஷம் வைத்தவள்.

"நான் ஒண்ணும் போடல" என்றாள் சுகுணா. "ஆணையா நான் ஒண்ணும் போடல."

"அதைத்தானேக்கா நானும் சொல்லிக்கினு இருந்தேன்" என்றாள் ரேணுகா, இருந்த இடத்திலிருந்தே.

வினிகரை உடனே ஊற்றினோம், அது தேறி எழுந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக விளக்கினேன், எல்லாரும் கேட்டார்கள். மற்றக் கிடேரிகளுக்குப் புதுத் தோலையும் கலவையில் பாதியையும் சேர்த்துப் பிசைந்து போடவைத்தேன். நன்றாகத் தின்றுவிட்டு அசை போட்டுக்கொண்டு படுத்தன. தேவராஜ் தலையைக் குனிந்துகொண்டு, வெள்ளிக்கிழமை ஒன்றும் வேண்டாம் என்று பெரியவர்களுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

அவர் சொன்னதை நான் நம்பினேனா? நம்பவில்லை. அவர்களை விட்டால் மறுபடியும் ஏதாவது ஆரம்பிப்பார்கள் என்று வெள்ளிக்கிழமை காலையில் திரும்பப் போனேன். போகிற வழியில் கங்கம்மா கோயில் முன்னால் கும்பல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, சண்டைக்குத் தயாராகத்தான் வண்டியை விட்டு இறங்கினேன். ஆனால் யாரும் அவளை இழுத்துக்கொண்டு வரவில்லை. அவளேதான் வந்திருந்தாள். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, பலிபீடத்தில் தன் கையால் கற்பூரத்தை ஏற்றினாள். தேவராஜ் பதறிப்போய், வேணாம்மா, உன் மேல தப்பில்லன்னு ஆயிடுச்சே என்றார். சுகுணா அழுதாள். ரேணுகா அவர்கள் இரண்டு பேரையும் தாண்டிப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நான் அடிக்க வர்ல. நீ அடி. எம்மேல ஒரு நாளுகூட சந்தேகம் வர்லன்னு சொல்லி நீ அடிச்சி அணை."

லோகநாதன் ஒரு அடி முன்னால் வந்தான். கையைத் தூக்கினான். கற்பூரம் நின்று எரிந்தது. அவன் அம்மன் முகத்தைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். கை அப்படியே இறங்கியது. கற்பூரம் எரிந்து முடிந்து தானாகவே அணைந்தது.

அவள் பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை, எப்படித் தடுப்பார்கள்? என் வண்டியில் ஏறிக்கொள் என்றேன். புத்தூர் வரைக்கும் விடுங்க டாக்டரம்மா, அங்கிருந்து நாகலாபுரம் பஸ் இருக்குது என்றாள். வழியில் நான் ஆறுதலாக என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். பெருவயிற்றுக்குள் சேர்க்க வேண்டியதைச் சேர்க்கத்தான் எனக்குத் தெரியும். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கதவைச் சாத்தியவள், நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"கன்னுங்களுக்கு இன்னிக்குக் காலையில ரெண்டையும் சேத்துதான போட்டாங்க?"

அந்தக் கேள்வியை அந்த வீட்டாரிடம் நான் கேட்டிருக்கவில்லை. தெரியாது என்றேன். போய்ப் பாத்துடுங்க என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். நான் வண்டியைத் திருப்பினேன்.